கான்டெஸ்டில் மொபைல் விதி மாறினால் என்ன செய்வது? சேலம், ஏற்காடு ஹாம்களுக்கு ஒரு வழிகாட்டி

காரில் ரிக்கை, அதாவது ஹாம் வானொலிப் பெட்டியை மாட்டி, டிக்கி ஓரத்தில் ஒரு விப் ஆன்டெனாவை (நிமிர்ந்து நிற்கும் கம்பி) நிறுத்திவிட்டால் அது மொபைல் நிலையம் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். சாதாரண நாளில் சரி. கான்டெஸ்ட் நாளில், அதாவது குறித்த நேரத்துக்குள் முடிந்தவரை பல நிலையங்களோடு பேசிப் புள்ளி சேர்க்கும் போட்டியில், அது போதாது. நீங்கள் கலந்துகொள்ளும் போட்டியின் விதி எதை மொபைல் என்கிறதோ அதுதான் அன்றைக்கு மொபைல், அதுவும் இந்த வருட விதி, போன வருடத்தது இல்லை. ஏற்காட்டுக்கு வண்டியை ஏற்றிப் போட்டியில் உட்கார வேண்டும் என்று ஆசைப்படும் புதியவர்கள் பெரும்பாலும் முதலில் ஆன்டெனா வாங்குகிறார்கள், அப்புறம் இடம் பார்க்கிறார்கள், விதியை வெள்ளிக்கிழமை ராத்திரிதான் திறக்கிறார்கள். இதைத் தலைகீழாக மாற்றுங்கள். முதலில் விதி, அடுத்து எங்கே போவது, எப்படிப் போவது என்பது, ஆன்டெனா கடைசியில்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வரையறை போட்டிக்குப் போட்டி எதிரும் புதிருமாக இருக்கிறது. அமெரிக்க ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல் ஜூன் மாதம் நடத்தும் ஃபீல்டு டே நிகழ்வை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ‘சி’ வகுப்புதான் மொபைல். வண்டி ஓடும்போதே இயக்கக்கூடியதாக இருக்க வேண்டும், வழக்கமாகவும் அப்படித்தான் இயக்கப்பட வேண்டும் என்று சொல்கிறார்கள்; கப்பலும் விமானமும்கூட அதே வகுப்பில் வரும். காரை நிழலில் நிறுத்தி, பக்கத்து மரத்தில் டைபோல் என்ற வயர் ஆன்டெனாவைத் தூக்கிக் கட்டிவிட்டு நானும் மொபைல்தான் என்று அங்கே எழுத முடியாது. ஃபீல்டு டேயில் நாம் இங்கிருந்து போட்டியாளராகச் சேர முடியாது, அவர்களோடு பேசத்தான் முடியும். ஆனாலும் ஒரு வரையறை எவ்வளவு கறாராக இருக்கலாம் என்று தெரிந்துகொள்ள அதைப் படித்துப் பார்ப்பது நல்லது.

அதற்கு நேர்மாறானது சோட்டா எனப்படும், மலை உச்சியில் இருந்து பேசும் திட்டம். 2002 மார்ச்சில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தொடங்கியது. அது போட்டி இல்லை, விருதுத் திட்டம்தான், ஆனால் மலைக்குப் போகிற நம்மவர்கள் இரண்டையும் சேர்த்தே யோசிக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். அங்கே வண்டிக்குள் உட்கார்ந்து பேசினால் கணக்கே இல்லை. வண்டி பேட்டரியில் இருந்து ஒரு ஆம்பியர்கூட எடுக்கக் கூடாது, கடைசி ஏற்றத்தை நடந்தோ சைக்கிளிலோதான் முடிக்க வேண்டும். ஆக, ஒரே மலை, ஒரே ரிக், ஒரே ஆள். ஒரு இடத்தில் காரை விட்டு இறங்கினால் தப்பு, இன்னொரு இடத்தில் காருக்குள் இருந்தால் தப்பு.

மூன்றாவது வகை ரோவர். விஎச்எஃப் (பெரும்பாலும் நேர்க்கோட்டில் போகும் மிக உயர் அலைவரிசை) போட்டிகளில் ஒரு கிரிட் சதுரத்தில் (அட்சரேகை, தீர்க்கரேகையால் உலகைப் பிரித்த கட்டம்) இருந்து இன்னொரு சதுரத்துக்கு நகர்ந்துகொண்டே, நின்று நின்று பேசும் வண்டிகள். இந்த வகையில்தான் விதி மாற்றம் ஒரு ஆட்டத்தையே எப்படி மாற்றும் என்பது நன்றாகத் தெரியும். ரோவர்கள் சிலர் கூட்டமாகச் சேர்ந்து கிரிட்களின் மூலையில் சுற்றிச் சுற்றி வந்து, பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே பேசி ஸ்கோரைக் குவித்தார்கள். அது நியாயமா என்று நீண்ட விவாதம் நடந்தது. கடைசியில் 2008-ல் ஏஆர்ஆர்எல் ரோவரை மூன்றாகப் பிரித்தது: சாதாரண ரோவர், லிமிடெட் ரோவர், அன்லிமிடெட் ரோவர். முதல் இரண்டு வகையில் இருப்பவர் இன்னொரு ரோவரோடு 100 தொடர்புக்கு மேல் கணக்கில் எடுக்க முடியாது என்று கட்டுப்பாடும் வந்தது. அதோடு, பயன்படுத்தும் கருவி, பவர் சப்ளை, ஆன்டெனா எல்லாவற்றையும் ரோவர் வண்டியே சுமந்துகொண்டு போக வேண்டும், ஒரே வண்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட நிலையத்தை ஏற்றக் கூடாது. இந்த மாற்றம் நல்லதுதான் என்பது என் கருத்து. சின்ன வண்டியோடு தனியாகப் போகிற ஒருவருக்குத் தனக்கென்று ஒரு வகை கிடைத்தது.

நாம் அதிகமாகக் கலந்துகொள்ளும் சிக்யூ வேர்ல்டு வைட் போன்ற பெரிய எச்எஃப் (தூர நாடுகளை எட்டும் சிற்றலை) போட்டிகளில் ஓடும் காருக்கென்று தனிச் சலுகை எதுவும் இல்லை. டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் 500 மீட்டர் விட்டமுள்ள ஒரே வட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதி உங்களுக்கும் பொருந்தும். ஏற்காடு ஏரியில் தொடங்கி, பகோடா பாயின்ட் போய், அங்கிருந்து சேர்வராயன் கோயில் என்று சுற்றிக்கொண்டே ஒரே லாக் (பேசிய தொடர்புகளின் பதிவு) போடும் எண்ணம் இருந்தால் கைவிட்டுவிடுங்கள். ஒரு இடம் பிடித்து அங்கேயே 48 மணி நேரமும் இருங்கள். கடலில் போகும் நிலையத்துக்கு மட்டும் தனி வரி உண்டு: அதோடு பேசினால் ஸோன் (உலகைப் பிரித்த மண்டலம்) மல்டிபிளையராக, அதாவது மொத்தப் புள்ளியைப் பெருக்கும் எண்ணிக்கையில் மட்டுமே எண்ணப்படும், நாடாக எண்ணப்படாது.

சரி, விதி மாறியிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பல போட்டிகள் மாற்றத்தை மேலே தனியாக எடுத்துச் சொல்லும், சில சொல்லாது. போன வருட விதியை ஒரு கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும். புது விதி வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, மொபைல், ரோவர், போர்ட்டபிள் என்ற சொற்கள் வரும் எல்லா இடங்களையும் தேடுங்கள். அந்தச் சொற்கள் விதியின் ஒரே பத்தியில் இருக்கும் என்று நம்பாதீர்கள். வரையறை முன்னால் இருக்கும், எக்ஸ்சேஞ்ச் (பேசும்போது பரிமாறும் தகவல்) நடுவில் இருக்கும், லாக்கில் எப்படி எழுதுவது என்பது கடைசியில் இருக்கும், மாற்றம் இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் ஒரு வரியாக ஒளிந்திருக்கும். ஒவ்வொரு வரியையும் படிக்கும்போது, இதைக் கட்டாயம் என்கிறார்களா, விரும்பினால் செய்யலாம் என்கிறார்களா என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் எப்போதும் தேடுவது இவற்றைத்தான். ஓடிக்கொண்டே பேச வேண்டுமா, நின்று பேசலாமா. ஆன்டெனா வண்டியோடு பொருத்தியிருக்க வேண்டுமா, இறங்கி வெளியே கம்பம் நடலாமா. கரண்ட் வண்டியில் இருந்துதான் வர வேண்டுமா, தனி பேட்டரி, ஜெனரேட்டர் வைக்கலாமா. ஓட்டுநர் ஆபரேட்டராக எண்ணப்படுவாரா. இந்தக் கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும், ஆனால் சிங்கிள் ஆபரேட்டரா, மல்டி ஆபரேட்டரா என்று உங்கள் வகையையே அது தீர்மானிக்கும். பொதுவாக, அவர் வண்டியை மட்டும் ஓட்டி, லாக்கையும் கேட்பதையும் தொடாமல் இருந்தால் சிக்கல் வராது. ‘அண்ணா, அந்த ஸ்டேஷன் இத்தாலிங்க’ என்று காதில் விழுந்ததைச் சொன்னால் அப்புறம் அவரும் ஆபரேட்டர்தான். ஓட்ட வரும் தம்பியிடம் கிளம்பும் முன்பே இதைச் சொல்லி வையுங்கள்.

வீட்டில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கும் மொபைல் விதி பொருந்தும், இதைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் மாநிலவாரியாக நடக்கும் க்யூஎஸ்ஓ பார்ட்டி என்ற போட்டிகளில் மொபைல் நிலையம் ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) இருந்து அடுத்த கவுண்டிக்குப் போனதும் அதே பேண்டில் (அலைவரிசைப் பட்டை), அதே மோடில் (பேச்சு, மோர்ஸ் போன்ற முறை) மறுபடியும் அதோடு பேசலாம், அது டூப் (ஏற்கெனவே பேசியதன் நகல்) இல்லை, புதுத் தொடர்பு. அம்மாப்பேட்டையில் மொட்டை மாடியில் ஒரு வயர் ஆன்டெனா வைத்துக்கொண்டு 20 மீட்டரில் கேட்கிறீர்கள், பத்து நிமிடம் முன் பேசிய அதே கால்சைன் (நிலையத்தின் அழைப்புக்குறி) மறுபடி கூப்பிடுகிறது என்றால், ஏற்கெனவே பேசியாச்சு என்று நகர்ந்துவிடாதீர்கள். கவுண்டி பெயரைக் கேளுங்கள். மாறியிருந்தால் லாக் போடுங்கள். எல்லைக் கோட்டின் மேலேயே வண்டியை நிறுத்தி இரண்டு கவுண்டியையும் ஒரே மூச்சில் கொடுக்கிறவர்களும் உண்டு. சில போட்டிகள் அதை ஏற்கும், சில ஏற்காது, ஏற்கிற இடத்திலும் லாக்கில் அதை இரண்டு வரியாகப் போட வேண்டுமா என்பது வேறுபடும். லாக் மென்பொருள் உங்களுக்காக இதையெல்லாம் சரிபார்க்கும் என்று விட்டுவிடாதீர்கள். அந்தப் போட்டியின் புது விதிக்கு ஏற்ற பதிப்பு உங்கள் கணினியில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

கால்சைனுக்குப் பின்னால் கோடு போட்டு ‘எம்’ சேர்ப்பது பற்றி. இதில் இரண்டு விதிகள் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கின்றன. முதலாவது நம் நாட்டு உரிமம். நகரும் நிலையமாக இயக்க என்ன அனுமதி வேண்டும், கால்சைனை எப்படிச் சொல்ல வேண்டும் என்பது உரிம நிபந்தனையில் இருப்பதுதான், போட்டி விதி அதை மாற்ற முடியாது. உரிமத்தில் நிலையத்தின் முகவரி எழுதியிருக்கும். அந்த முகவரியை விட்டு வெளியே கிளம்பும் முன் தேவைப்படும் அனுமதியை வாங்கி, நகலை வண்டியில் வையுங்கள். இரண்டாவது போட்டி விதி. டபிள்யூபிஎக்ஸ் என்ற போட்டியில் ப்ரீஃபிக்ஸ், அதாவது கால்சைனின் முன்பகுதிதான் மல்டிபிளையர் என்பதால் அங்கே தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்: மொபைல், போர்ட்டபிள் குறிகள் ப்ரீஃபிக்ஸாக எண்ணப்படாது. ‘எம்’ போட்டுக்கொண்டதால் உங்களைத் தேடி யாரும் ஓடி வரப்போவதில்லை.

ஆனால் ஒன்றை முடிவு செய்துவிட்டால் கடைசி நிமிடம் வரை அதில் நிலையாக நில்லுங்கள். சனிக்கிழமை ‘எம்’ போட்டுப் பேசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மோர்ஸில் அனுப்ப நேரமாகிறது என்று அதை விட்டுவிட்டால், லாக் சரிபார்க்கும் கணினிக்கு நீங்கள் இரண்டு வேறு நிலையங்கள். உங்களோடு பேசியவர்தான் இதில் அடிவாங்குவார். சிக்யூ வேர்ல்டு வைடில் ஒரு கால்சைனைத் தப்பாக எழுதினால் அந்தத் தொடர்பு போவதோடு, அதன் புள்ளியைப் போல இரண்டு மடங்கு அபராதமும் கழிக்கிறார்கள். ஜப்பானில் யாரோ ஒருவர் நம் பலவீனமான சிக்னலைத் தூக்கம் கெட்டுத் தோண்டி எடுத்திருப்பார், நம் அலட்சியத்துக்கு அவர் அபராதம் கட்டுவது நியாயம் இல்லை.

இனி வழித்தடம். ஏற்காடு மலைப்பாதையில் போகும்போது உங்கள் கிரிட் மாறாது. சேலம் நகரம் எம்கே91, ஏற்காடும் எம்கே91. ஒரு கிரிட் சதுரம் தீர்க்கரேகையில் 2 டிகிரி, அட்சரேகையில் 1 டிகிரி. நம் ஊர் அளவில் கிழக்கு மேற்காக 218 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 111 கிலோமீட்டர் வரும். இவ்வளவு பெரிய சதுரத்துக்குள் 20 கொண்டை ஊசி வளைவு ஏறினாலும் எண் அப்படியேதான் இருக்கும், ஆறு எழுத்துக் குறியீட்டின் கடைசி இரண்டு எழுத்துகள்தான் மாறும்.

ஆனால் சேலத்துக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு, இதைப் பலர் கவனித்ததே இல்லை. 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை நமக்குக் கொஞ்சம் மேற்கே ஓடுகிறது, 12 டிகிரி வடக்கு அட்சரேகை தொப்பூருக்குக் கொஞ்சம் வடக்கே ஓடுகிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தைச் சுற்றி நான்கு கிரிட்கள் இருக்கின்றன. சேலம், ஓமலூர், தொப்பூர் எல்லாம் எம்கே91. கணவாய் தாண்டி தருமபுரி போனால் எம்கே92. அங்கிருந்து மேற்கே பென்னாகரம், ஒகேனக்கல் பக்கம் போனால் எம்கே82. தெற்கே மேச்சேரி, மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி எல்லாம் எம்கே81. காலையில் கிளம்பி, ஒவ்வொன்றிலும் நின்று பேசிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். நான்கு கிரிட்டை இப்படி ஒரே நாளில் தொட வாய்ப்பு எல்லா ஊருக்கும் கிடைப்பதில்லை. அமெரிக்க விஎச்எஃப் போட்டிகளில் நாம் சேர முடியாதுதான். ஆனால் ஈரோடு, கரூர், தருமபுரி நண்பர்களோடு பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை 2 மீட்டரில் உள்ளூர்ப் பயிற்சியாக ரோவர் விதியை வைத்து நடத்தலாம், நடத்த வேண்டும் என்றே சொல்வேன். விதியை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: சிம்ப்ளெக்ஸ் (நேரடிப் பேச்சு) மட்டும், ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) வழியே பேசினால் கணக்கில்லை, கிரிட் மாறினால் மறுபடி பேசலாம், எல்லாச் சாமானும் வண்டியிலேயே. கோட்டுக்கு மிக அருகில் நிற்கும்போது போன் காட்டும் கிரிட்டை உடனே நம்பாமல், ஜிபிஎஸ் பிழை காட்டும் தூரத்தைப் போலப் பல மடங்கு தள்ளிப் போய் நில்லுங்கள். 12.000 என்று இழுபறியாக நிற்கும் எண்ணை வைத்துப் பின்னால் சண்டை போட முடியாது.

அந்தப் பயிற்சிக்கு ஏற்காட்டில் ஒரு ஆள் நிலையாக உட்கார்ந்தால் பெரிய உதவி. சேர்வராயன் மலை 1,600 மீட்டருக்கும் கொஞ்சம் மேல் போகிறது, சமவெளி 300 மீட்டருக்குள்தான். அந்த உயர வித்தியாசத்துக்கு ரேடியோ அடிவானம் 150 கிலோமீட்டர் அளவில் வரும். ஈரோடும் கரூரும் அதற்குள் நன்றாகவே அடங்குகின்றன.

எச்எஃப் போட்டிக்கு ஏற்காட்டில் எங்கே நிறுத்துவது என்பது வேறு கணக்கு. உயரத்தைவிட முன்னால் சரியும் நிலம்தான் இங்கே உதவுகிறது. எந்தப் பக்கம் நிலம் சரிகிறதோ அந்தப் பக்கம் அலை தாழ்ந்த கோணத்தில் கிளம்பும், தாழ்ந்த கோணம்தான் தூர நாடுகளுக்குப் போகும். நம் இடத்தில் இருந்து ஐரோப்பா வடமேற்கில், ஜப்பான் வடகிழக்கில். லேடிஸ் சீட் சேலத்தைப் பார்த்த பக்கம், காட்சி அழகு, ஆனால் ஐரோப்பாவுக்கு அது முதுகைக் காட்டும் இடம், சனி ஞாயிறு சாயங்காலம் அங்கே கார் நிறுத்தவும் முடியாது. பகோடா பாயின்ட் கிழக்கு ஓரம் என்பதால் ஜப்பான், பசிபிக் பக்கத்துக்கு நன்றாக இருக்கும். சேர்வராயன் கோயில் இருக்கும் மேட்டுநிலம் நாலு பக்கமும் திறந்த இடம், ஆனால் அது மலை மக்கள் கும்பிடும் இடம், அங்கே கம்பம் நட்டு ஜெனரேட்டர் சத்தம் போடுவது சரியில்லை. என்னைக் கேட்டால், தெரிந்தவர்களின் காபித் தோட்டத்தில் வடக்கு, வடமேற்கு பார்த்த சரிவில் அனுமதி வாங்கி நிறுத்துவதுதான் நல்லது. அங்கே சந்தைச் சத்தமும் இல்லை, எல்இடி விளக்குகள் கிளப்பும் இரைச்சலும் இல்லை. சாயங்காலத்துக்குப் பின் தோட்டத்துக்குள் காட்டு மாடு வரும், இறங்கி ஆன்டெனாவைச் சரிசெய்யும் முன் டார்ச் அடித்து நாலு பக்கமும் பாருங்கள்.

காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். போட்டிகள் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் நடக்கும். 00:00 என்றால் நமக்குக் காலை 5:30. ஆக சிக்யூ வேர்ல்டு வைட் சனிக்கிழமை காலை 5:30-க்குத் தொடங்கி திங்கள் காலை 5:30-க்கு முன் முடியும், திங்கள் வேலைக்குப் போகிறவர்கள் விடுப்பை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மே மாதக் கடைசி முழு வார இறுதியில் டபிள்யூபிஎக்ஸ் மோர்ஸ் போட்டி. அது சீசன், மலைப்பாதையில் வண்டி ஊர்ந்துதான் போகும், மத்தியானத்துக்கு மேல் கோடை இடியும் வரும். இடி கேட்டால் ஆன்டெனாவை இறக்கி, கோஆக்ஸை (ஆன்டெனா கேபிள்) கழற்றிவிட்டு உட்காருங்கள், ஸ்கோர் எங்கேயும் போகாது. நவம்பர் கடைசி முழு வார இறுதி சிக்யூ வேர்ல்டு வைடின் மோர்ஸ் பகுதிக்கானது, அப்போது வடகிழக்குப் பருவமழை. 2024-ல் அந்தப் போட்டி நவம்பர் 23, 24 தேதிகளில் நடந்தது. அடுத்த வாரமே ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு பாதையில் மண் சரிந்தது. எனவே குப்பனூர் வழியையும் மனதில் வைத்துக்கொண்டு, கிளம்பும் அன்று காலை மேலே இருக்கும் ஒருவரிடம் போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இப்போது வண்டி. 100 வாட் ரிக் அனுப்பும்போது 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் இருந்து அதை எடுக்கவே முடியாது. பேட்டரி முனையில் இருந்து நேராக வயர் இழுங்கள், பிளஸ், மைனஸ் இரண்டிலும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போய்வர 6 மீட்டர் என்றால், 22 ஆம்பியர் ஓடும்போது 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். எஞ்சின் அணைந்திருக்கும்போது 12.4 வோல்ட்டில் தொடங்கினால் ரிக்கின் முனையில் 11.8 தான் இருக்கும், சில ரிக்குகள் அந்த இடத்தில் சிக்னலைக் கரகரப்பாக்கும் அல்லது அணைந்தே போகும். ஐந்து ரூபாய் மிச்சம் பார்க்காமல் 6 சதுர மில்லிமீட்டர் வாங்குங்கள், இழப்பு 0.4 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். செவ்வாய்ப்பேட்டை எலக்ட்ரிகல் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். வீட்டு வயரிங் கம்பி வேண்டாம், பல இழை உள்ள வளையும் வயராகக் கேளுங்கள், மலைப்பாதை குலுக்கலில் ஒற்றை இழை ஒடிந்துவிடும்.

ஆன்டெனாவில் அளவு முக்கியம். 10 மீட்டர் பேண்டுக்குக் கால் அலை 2.5 மீட்டர்தான், விப் முழு நீளத்தில் நிற்கும், நன்றாக வேலை செய்யும். 20 மீட்டருக்கு 5 மீட்டர், 40 மீட்டருக்கு 10 மீட்டர். அதைக் காரில் வைக்க முடியாது என்பதால் லோடிங் காயிலோடு குட்டையாக வைக்கிறோம், 40-ல் பவரில் பெரும்பகுதி சூடாகத்தான் போகும். அதனால் ஓடும் மொபைல் வகையில் போகிறீர்கள் என்றால் பகலில் 10, 15, 20-லேயே நேரத்தைச் செலவிடுங்கள். ராத்திரி 40-க்கு இறங்கும்போது விதி அனுமதித்தால் மட்டும் வண்டியை நிறுத்திவிட்டு வயர் கட்டுங்கள். அனுமதிக்காவிட்டால் இருப்பதை வைத்துப் பேசுங்கள். விப்பின் அடிப்பகுதியில் தரையிணைப்பு சரியாக இருக்க வேண்டும்: டிக்கி மூடி, கதவு, பானெட் எல்லாம் கீல் வழியாகத்தான் பாடியோடு ஒட்டியிருக்கின்றன, அந்த இணைப்பு ரேடியோ அலைவரிசைக்குப் போதாது. பின்னல் பட்டையால் ஒவ்வொன்றையும் பாடியோடு இணைத்து, பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் திருகுங்கள். எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாப் பொருத்தத்தைக் காட்டும் அளவு) அழகாக 1.1 காட்டுகிறது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். தரை இழப்பு அதிகம் இருந்தாலும் அப்படிக் காட்டும்.

மலைப்பாதையில் விப்பின் உச்சியைக் கவனியுங்கள். பஸ் போகும் உயரம் வரை கிளைகள் தானாகவே ஒடிந்து வழிவிட்டிருக்கும், அதற்கு மேலே இல்லை. கூரையில் 2.5 மீட்டர் விப் நிற்கும் கார் பஸ்ஸைவிட உயரம். ஊருக்குள் தாழ்ந்து தொங்கும் கரண்ட் கம்பிதான் இன்னும் ஆபத்து. நிறுத்தும் இடத்தில் வயரையோ கம்பத்தையோ தூக்கும் முன் தலையைத் தூக்கி மேலே பாருங்கள். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் வேண்டும்.

ஓட்டிக்கொண்டே மைக்கைக் கையில் பிடிக்காதீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ம் பிரிவில், ஓட்டும்போது கையில் பிடிக்கும் தகவல்தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதலாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்த வளைவுகளில் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில்தான் இருக்க வேண்டும். ஓட்ட ஒருவர், பேச ஒருவர். தனியாகப் போனால் நின்று பேசலாம் என்று சொல்லும் போட்டியையே தேர்ந்தெடுங்கள்.

அடிவாரச் சோதனைச் சாவடியில் ‘என்னப்பா இது, மேலே கம்பி?’ என்று கேட்பார்கள். எஞ்சினை அணைத்து, இறங்கி, ‘ஹாம் ரேடியோங்க அண்ணா, லைசன்ஸ் இருக்குதுங்க’ என்று உரிமத்தின் நகலை எடுத்துக் காட்டுங்கள். அவர்கள் கேட்பது அவர்கள் வேலை. ஹெட்ஃபோனைக் கொடுத்து ஒரு நிமிடம் கேட்க வைத்தால் அடுத்த முறை பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள்.

போட்டி முடிந்த பின் லாக். கேப்ரில்லோ (போட்டி லாக் அனுப்பும் கோப்பு வடிவம்) கோப்பின் தலைப்பகுதியில் நிலையத்தின் வகையைச் சொல்ல ஒரு வரி உண்டு: ஃபிக்ஸ்டு, மொபைல், போர்ட்டபிள், ரோவர் என்று. மென்பொருள் போன போட்டியில் இருந்ததை அப்படியே வைத்திருக்கும், நீங்கள்தான் மாற்ற வேண்டும். மொபைலுக்குத் தனி வகையே இல்லாத போட்டியில் அங்கே மொபைல் என்று போட்டால் லாக் திரும்பி வரலாம். இடம் மாறிப் பேசும் போட்டி என்றால் ஒவ்வொரு வரியிலும் நீங்கள் அனுப்பிய எக்ஸ்சேஞ்ச், அந்த நேரத்தில் நின்ற இடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எம்கே91-ல் இருந்து எம்கே92-க்கு மாறிய அந்தச் சில நிமிட வரிகளில்தான் தப்பு புகும். சிக்யூ வேர்ல்டு வைட், டபிள்யூபிஎக்ஸ் இரண்டுக்கும் போட்டி முடிந்து ஐந்து நாளுக்குள் லாக் போய்ச் சேர வேண்டும். அனுப்பியதும் பதில் மின்னஞ்சல் வரும். அதில் உங்கள் வகையைக் கணினி எப்படிப் புரிந்துகொண்டது என்று எழுதியிருக்கும், அதைப் படியுங்கள், தப்பாக இருந்தால் திருத்திக் கடைசி நாளுக்குள் மறுபடி அனுப்புங்கள், கடைசியாக வந்த கோப்பைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

விதியில் ஒரு வரி இரண்டு விதமாகப் பொருள் தந்தால், போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே நடத்துகிறவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். நண்பர் சொன்னார் என்பது பின்னால் உதவாது. என் கார் இப்படி, ஆன்டெனா இங்கே, நின்று பேசுவேன், பேட்டரி தனி என்று நிலைமையைச் சுருக்கமாக விவரித்து, இது எந்த வகை என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் பதில் வரும். வந்த பதிலை அச்செடுத்து உரிமத்தின் நகலோடு சேர்த்து வண்டியில் வைத்துவிடுங்கள்.